லைமன் ஊற்றுத் தண்ணீர்

ஜூலை பிறந்துவிட்டால் ஆர்வெல்லாவுக்கு வசவுதான் சாப்பாடு. பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற பாதையின் வாயிலில் நின்றுகொண்டு, "இந்த வெயில்ல இறங்காதீங்க" என்று சொல்வது அவள் வேலை. எங்கிருந்தோ விமானம் ஏறி வந்தவர்களுக்கு அதைக் கேட்கப் பிடிக்குமா? "ஏம்மா, நடக்கத்தானே பார்க்கு வச்சிருக்கீங்க?" என்பான் ஒருவன். காலடியில் காறித் துப்பிவிட்டு இறங்குவான் இன்னொருவன். மற்ற மலைகளில் ஏற்றம் முதலில் வரும். இங்கே இறக்கம் முதலில். ஆளை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் பாறை தன் சுயரூபத்தைக் காட்டும்.

வெளியூர்க்காரன் திட்டு அவன் வண்டியோடு போய்விடும். உள்ளூர்த் திட்டு போகாது. அமெரிக்காவின் தெற்கு யூட்டாவில் எஸ்ரா என்கிற அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேருடைய தாத்தாக்கள் பள்ளத்தாக்கில் மாடு மேய்த்தவர்கள். தேசியப் பூங்கா வந்தது, மாடுகள் வெளியேறின. அந்தக் கோபம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொத்து மாதிரி இறங்கியது. கணவன் செத்து, மாடுகளை விற்று, வேறு வழியில்லாமல் ஆர்வெல்லா பூங்காவின் சாம்பல்நிறச் சட்டையை மாட்டிக்கொண்டாள். அந்த ஞாயிறிலிருந்து தேவாலயத்தில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவளுடைய சொந்த அண்ணன் டெல்வின் அவள் வாசலை மிதிக்கவில்லை.

பாதையின் நடுவில், பாறை இடுக்கில் ஓர் ஊற்று. அவர்களுடைய தாத்தா லைமன் கல்லில் தொட்டி குடைந்து வைத்த இடம். ஆண்டுதோறும் ஜூலை இருபத்து நாலாம் தேதி, முன்னோர்கள் யூட்டாவுக்கு வந்து சேர்ந்த நாளை ஊர் கொண்டாடும். அதற்கு முந்தின நாள் விடியற்காலையில் குடும்பத்தில் ஒருவர் இறங்கி, ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவருவார். விருந்து மேசையில் அந்த ஜாடியை வைத்து ஜெபம் சொன்ன பிறகுதான் சாப்பாடு. துரு நிறத் தண்ணீர். அடியில் விரல்கடை உயரத்துக்குச் செம்மணல் படிந்திருக்கும்.

அந்த வருடம் ஜூனில் ஆர்வெல்லா இறங்கிப் பார்த்தாள். தொட்டி காய்ந்து வெடித்திருந்தது. ஒரு காட்டு ஆடு தொட்டி விளிம்பில் தாடையை வைத்தபடி செத்துக் கிடந்தது. 'ஊற்றில் தண்ணீர் இல்லை' என்ற பலகையைப் பாதை வாயிலில் அவளே ஆணி அடித்து மாட்டினாள்.

ஜூலை இருபத்து மூன்றாம் தேதி டெல்வின் வந்தபோது வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. வைக்கோல் இறக்கிவிட்டு வர நேரமாகியிருந்தது. ஒரு கையில் காலி ஜாடி, தோளில் அப்பாவின் நசுங்கிய தண்ணீர்க் குடுவை. அது ஒன்றுதான்.

"வழிய விடு, ரேஞ்சரம்மா."

"ஊத்து வத்திப்போச்சு டெல்வின். நானே கண்ணால பார்த்தேன்."

"நீ எங்க பார்த்த? ஒன் சம்பளம் பார்த்துச்சு."

"தொட்டில ஆடு செத்துக் கெடக்கு."

"தாத்தா காலத்துலேர்ந்து வத்தாத ஊத்து, நீ பார்க்குச் சட்ட போட்டதும் வத்திருச்சாக்கும்! ஊத்து இல்லன்னா தாத்தா பேரும் இங்க இல்ல. அதானே ஒன் மொதலாளிங்க கணக்கு?"

"சரி, போ. நான் தடுக்கல. என் வண்டில பெரிய கேன் இருக்கு. தண்ணி எடுத்துக்கிட்டுப் போ."

"பார்க்குத் தண்ணியா? அதுக்கு என் மூத்திரத்தக் குடிப்பேன்."

"அந்தக் குடுவ கீழ போறவரைக்குந்தான் காணும்."

"கீழதான் ஊத்து இருக்கே. நெரப்பிக்கிட்டு ஏறுவேன்."

அவ்வளவுதான் அவன் கணக்கு. போகும்போது குடுவை, வரும்போது ஊற்று. வரும்போது ஒன்றுமிருக்காது என்பது அவளுக்குத் தெரியும். எந்த வளைவில் உட்காருவான், எந்தப் பாறை நிழலில் சாய்வான் என்பதுகூடத் தெரியும். வேறு மூன்று பேரை அங்கிருந்து தூக்கி வந்திருக்கிறாள். மேலிடத்தைக் கூப்பிட்டால் ஆள் வருவதற்குள் இவன் இறங்கிவிடுவான். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் ஓடியே இறங்குவான்.

செருப்பாக இருந்தால் அப்படியே போயிருப்பான். பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது. குடுவையை அவளுடைய வண்டியின் முன்மூடிமேல் வைத்துவிட்டுக் குனிந்தான்.

எஸ்ராவில் மாடு திருடியவன்கூடச் சிறைக்குப் போய்வந்து தேவாலயத்தில் பாட்டுப் பாடலாம். அடுத்தவன் தண்ணீரில் கைவைத்தவனுக்கு மன்னிப்பில்லை.

அவள் குடுவையை எடுத்தபோது, நிழலில் நகர்த்தி வைக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். மூடியைத் திருகினாள். குடிக்க ஆரம்பித்தாள்.

"ஏய். ஏய்! என்ன பண்ற?"

தண்ணீர் சூடாக, தகரவாடையோடு இருந்தது. அவள் நிறுத்தவில்லை. கடைசி வாய் மோவாயில் வழிந்து சட்டையில் இருந்த பூங்கா வில்லையை நனைத்தது. குடுவையைக் கவிழ்த்து உதறிக் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"என் தண்ணி," என்றான். சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

"ஆமா. ஒன் தண்ணிதான். என் கேன்லேர்ந்து நெரப்பிக்கிட்டுப் போ. இல்ல, வீட்டுக்குப் போ."

அவன் கை ஓங்கியது. ஓங்கியபடியே நின்றது.

"அப்பா உயிரோட இருந்தா ஒன்ன இந்தப் பாறைலேர்ந்து தள்ளிவிட்டிருப்பாரு."

"தள்ளியிருப்பாரு."

அவன் வண்டி கிளப்பிய புழுதி அடங்கியதும் அவள் புதர் மறைவுக்குப் போய் முழுவதையும் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் விருந்து மேசையில் ஜாடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத்துணி. பேண்டு வாத்தியம் முடிவதற்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பழக் கேக் பரிமாறிய பெண், ஞாயிறுப் பள்ளியில் ஆர்வெல்லாவிடம் படித்தவள். "தீந்துபோச்சு," என்றாள். அவளுக்கு முன்னால் ஐந்து தட்டுக் கேக் வெட்டாமல் இருந்தது.

அக்டோபரில் வெயில் தணிந்தபின் டெல்வின் மறுபடி வந்தான். இரண்டு குடுவை, ஜாடி. அவளைப் பார்க்காமல் இறங்கினான். சாயங்காலம் ஏறி வந்து, நேராக அவளிடம் நடந்து, ஜாடியை அவள் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"பாரு. ஓடுது. தொட்டி நெறஞ்சு வழியுது."

ஜாடிக்குள் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அதனூடே அவன் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. அடியில் ஒரு மணல்கூட இல்லை. தோளில் இரண்டு குடுவைகளும் எடையில்லாமல் ஆடின. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

ஆர்வெல்லா ஜாடியையும் குடுவைகளையும் பார்த்தாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

அவள் வேறு ஏதோ சொல்வாள் என்று காத்திருந்தவன் போல அவன் அங்கேயே நின்றான். பிறகு, "பலகைய எடுத்துரு," என்றான்.

"மேல கேக்குறேன்."

பலகை இருந்தது. ஜாடியும் ஆண்டுதோறும் மேசையில் இருந்தது. மணல் படியாத அந்தத் தண்ணீரைப் பார்த்து எல்லாரும் தலை குனிந்து ஜெபித்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனும் தங்கையும் அதன்பிறகு பேசவே இல்லை.

ஒரு பனிக்காலத்தில் டெல்வின் தன் கட்டிலில், தூக்கத்தில் போனான். துக்க வீட்டுக்கென்று எல்லாரும் செய்வது போல ஆர்வெல்லாவும் உருளைக்கிழங்கைப் பாலாடைக்கட்டியோடு சுட்டு எடுத்துப்போனாள். அண்ணி தோரா தேவாலயச் சமையலறை வாசலிலேயே மறித்து, பாத்திரத்தை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இத அவர் சவத்துக்கு முன்னால வைக்கமாட்டேன்."

"சரி."

"அன்னைலேர்ந்து ஒவ்வொரு ராத்திரியும் ஒன்னத் திட்டிட்டுத்தான் படுத்தாரு. தெரியுமா ஒனக்கு?"

"கடைசி ராத்திரியும் திட்டுனானா?"

"கடைசி ராத்திரியும்."

ஆர்வெல்லா தலையாட்டினாள். பாத்திரத்தைத் திரும்ப வண்டிக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஆறுவதற்குள் சாப்பிட ஆரம்பித்தாள்.