அடுப்பின் மேல் கவிழ்ந்தவள்

வெஸ்ட்பாலியாவில், எங்கள் பக்கத்தில் மனிதனை நிலத்தால்தான் அளப்போம். முழுப் பண்ணைக்காரன் தேவாலயத்தில் முன்வரிசை. அரைப் பண்ணைக்காரன் அவனுக்குப் பின்னால். குடிசைக்காரன் கதவோரம். ஊர்ப் பொது மேய்ச்சல் ஓரத்தில் குடிசை போட்டு ஒட்டிக்கொண்டவனுக்கு நிற்கவே இடமில்லை. தோனீஸும் அவன் மனைவி வூப்கேயும் ஒரு சின்ன மகளோடு அப்படி வந்தவர்கள். நான் அரைப் பண்ணைக்காரன். அவர்கள் குடிசையை இடிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

பொதுநிலத்தில் எழும்பிய குடிசையை நாங்கள் இடிக்கலாம். ஆனால் நடுவர் வந்து பார்க்கும்போது அடுப்பில் புகை இருந்தால் அது வீடு, யாரும் தொடக்கூடாது. அடுப்பு நெருப்பைக் கையால் அணைப்பது பாவம். அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நடுவர் வர மதியம் ஆகும்.

"கூரையப் பிரிங்கடா, மிச்சத்த மழை பாத்துக்கும்" என்றான் முழுப் பண்ணைக்காரன் ஏவர்ட் ஹோல்மன்.

தோனீஸ் வாசலில் மண்வெட்டியோடு நின்றான். அவன் அடித்த முதல் அடியில் எங்களில் ஒருவனுக்குத் தாடை உடைந்தது. அதற்கப்புறம் நாங்கள் மனிதர்களாக இல்லை. ஆறு பேர் சேர்ந்து மிதித்தோம். ஹோல்மன் கோடரியின் பின்புறத்தால் அவன் மண்டையில் போட்டான்.

கூரை போனதும் வூப்கே அடுப்பின் மேல் கவிழ்ந்து மழையை முதுகில் வாங்கிக்கொண்டாள்.

"எந்திரிடி! புருஷன் செத்துக் கெடக்கான், கொள்ளிக்கட்டையக் கட்டிக்கிட்டு அழுவுறியே!" என்று ஹோல்மன் சாட்டையை ஓங்கினான்.

"அழுவ நாளைக்கு நேரம் இருக்கு. நீ அடிடா நாயே, உன் கை ஓயட்டும்."

சாட்டையில் அவள் சட்டையும் தோலும் சேர்ந்து கிழிந்தன. தலைமுடி கருகி நாறியது. அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.

நடுவர் வந்தபோது அவள் கைகளுக்கு நடுவே மெல்லிய புகை. "வீடுதான்" என்றார். முதலில் அடித்தவன் தோனீஸ் என்பதால் ஹோல்மன்மேல் குற்றமில்லை என்றும் சொன்னார். அந்த நியாயத்தில் இடி விழ!

மறுநாள் எங்கள் ஊரை ஆளும் பிரபுவின் காரியக்காரன் வந்தான். "வீடுன்னு ஆயிடுச்சுல்ல? அப்போ செத்தவன் எங்க குடி. குடித்தலைவன் செத்தா, இருக்கிறதுல நல்ல மாடு பிரபுவுக்கு."

தோனீஸ் நாடோடியாகச் செத்திருந்தால் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். இருந்தது ஒரே பசு. வூப்கே காரியக்காரனின் கையைக் கடித்தாள். அவன் தடியால் அவள் பல்லை உடைத்துவிட்டுப் பசுவை ஓட்டிப்போனான்.

குளிர்காலத்தில் அவள் சின்ன மகள் எலும்பும் தோலுமானாள். மனசு கேட்கவில்லை. ஒரு குடுவைப் பாலோடு போனேன். வூப்கே குடுவையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ அவர எங்கய்யா மிதிச்ச?"

"நெஞ்சுல."

அவள் பாலை மகளுக்குக் கொடுத்துவிட்டு, காலிக் குடுவையை என்னிடம் நீட்டினாள். "நாளைக்கும் கொண்டா" என்றாள்.