இடது பக்கம் கேட்கவில்லை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர் அவர். முன்னறையில் கண் பார்க்கும் டெஸ்ட்டர் எழுதிக் கொடுக்கிற அளவுக்கு, ஃபிரேமுக்குள் இம்மி பிசகாமல் உட்காரும்படி லென்ஸைத் தேய்த்துக் கொடுப்பது இருபத்திரண்டு வருட வேலை. அதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் அதற்காக ஒருவரும் அவரைப் பாராட்டியதில்லை. அவர் பெயர் வாங்கியது வேறு இடத்தில், வேறு உறுப்பால். மலிவு விலை இயர்போன்களைப் பற்றிப் பேசுகிற இணையக் குழு ஒன்றில் அவருக்குத் 'தங்கக்காது' என்று பெயர். யார் வைத்த பட்டம் என்று கேட்டால் கொஞ்சம் இருமுவார். குழுவில் சேர்ந்தபோது பெயர் கேட்ட கட்டத்தில் அவரே தட்டிப் போட்டதுதான்.

"விலை கூடினதை வாங்கி நல்லா இருக்குன்னு சொல்ல எந்தக் காதும் போதும். மலிவுல நல்லதைப் பொறுக்கத்தான் காது வேணும்" என்பது அவருடைய கொள்கை. கையில் காசு இல்லாததால் பிறந்த கொள்கை என்பது அவர் மனைவியின் கருத்து.

மூன்று வருடத்தில் நாற்பத்தொரு ஜோடி. ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதுவார். 'குரல் தேன். அடிநாதம் ஈரமண்ணில் நடக்கிற யானை. உச்சத்தில் மட்டும் யாரோ எவர்சில்வர் தட்டில் ஸ்பூனைத் தேய்க்கிறார்கள்.' இப்படி. இன்று அந்த வரிகளை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார். அன்று அதை எழுதிவிட்டுத் தாமே நான்கு தடவை படித்துப் பார்த்துக்கொண்டவர்தான்.

மனைவிக்குக் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை. தினமும் எட்டு மணி நேரம் தலையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, தண்ணீர் வராத வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்குகிறவள். "எதிர்ப்பக்கம் திட்டுறது எனக்குத் தெளிவாக் கேக்குது. அதுக்கு மேல ஒரு இயர்போன் என்னங்க பண்ணணும்?" என்பாள். அவர் பதில் சொல்லமாட்டார். ஞானிகள் வாதாடுவதில்லை என்று ஒரு நினைப்பு.

அவருடைய ஞானத்தின் உச்சி, பர்ன்-இன். புதுச் செருப்பு முதலில் காலைக் கடித்துப் பிறகு இளகுகிற மாதிரி, புது இயர்போனும் நூறு மணி நேரம் பாடினால்தான் உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு இளகி, உண்மையான குரல் வெளியே வரும் என்று ஒரு நம்பிக்கை. நம்புகிறவர்கள் பாதி, சிரிக்கிறவர்கள் பாதி. அவர் நம்புகிற கட்சிக்குத் தலைவர். பழைய போன் ஒன்றில் இரைச்சலை ஓடவிட்டு, இயர்போனை அதில் செருகி, துணி அலமாரியில் போர்வைகளுக்கு நடுவே வைத்துவிடுவார். ஒருநாள் போர்வை எடுக்கப் போன மனைவி கதவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டு வந்தாள்.

"அலமாரிக்குள்ள யாரோ மூச்சு விடுறாங்க."

"அறுபத்திரண்டு மணி நேரம் ஆயிருக்கு. கதவைச் சாத்திடு" என்றார் அவர்.

நாற்பத்திரண்டாவது ஜோடிதான் அவரைக் கவிழ்த்தது. வீட்டிலிருந்தே இயர்போன் விற்கும் ஒரு பெண்ணிடம், ஒரே மாடலில் இரண்டு வாங்கினார். பர்ன்-இன் உண்மை என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை டப்பாவிலேயே விட்டார். இன்னொன்றை நூற்றைம்பது மணி நேரம் அலமாரியில் மூச்சு விட வைத்தார். இடையிடையே எடுத்துக் கேட்டுக் குறிப்பு எழுதினார். இருபது மணியில், 'உச்சம் கூர்மை.' எண்பதில், 'கூர்மை மழுங்குகிறது.' நூற்றைம்பதில், 'பனிமூட்டத்துக்குள் விளக்கு எரிகிற மாதிரி இனிமை. பதம் வந்துவிட்டது.' குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் கடையின் டெஸ்ட்டர் பெண்ணிடம் இந்தப் பெருமையைச் சொன்னார். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, புதுக் கண்ணாடி போட்டதும் தரை மேல வருது, தலை சுத்துதுன்னு வர்றவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க?"

"ஒரு வாரம் போட்டுப் பழகுங்க, சரியாயிடும்னு சொல்வேன்."

"ஒரு வாரத்துல லென்ஸ் மாறிடுமா?"

"லென்ஸ் எப்படி மாறும்? கண்ணுதான் பழகிக்கும்."

அவள் கை கழுவப் போனாள். அவர், "கண்ணு வேற, காது வேற" என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

குழுவில் 'மல்டிமீட்டர்' என்ற பெயரில் ஒரு ஆள் உண்டு. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். 'கண்ணைக் கட்டிக்கொண்டு இருபது தடவை இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது பதம் வந்தது என்று சொல்லுங்கள். பிறகு பேசலாம்' என்று எழுதினார். தங்கக்காது பின்வாங்குமா? கல்லூரியில் படிக்கும் மகளை உட்கார வைத்து, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். மகள் காசு சுண்டிப் பார்த்து, வந்ததற்கேற்ப ஒன்றை எடுத்து அவர் காதில் மாட்டினாள். அவர் தலையைச் சாய்த்து, புருவத்தை உயர்த்தி, "ஆங்... இதுதான். இந்த இனிமை பொய் சொல்லாது" என்றோ, "ம்ஹூம், இது டப்பா" என்றோ இருபது தடவை தீர்ப்புச் சொன்னார்.

"ஒன்பது சரி, பதினொண்ணு தப்பு" என்றாள் மகள். "நீங்க கேக்காமலே காசு சுண்டியிருந்தாகூட ஒண்ணு அதிகமா வந்திருக்கும்ப்பா."

"எனக்கு இன்னைக்கு ஜலதோஷம்."

அந்த முடிவு குழுவில் ஏறவில்லை. ஜலதோஷம் மட்டும் ஏறியது.

அந்த வாரக் கடைசியில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, பதம் வந்த ஜோடியை மாட்டினார். இடது பக்கம் கேட்கவில்லை. தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், வயரை நீவிப் பார்த்தார். டப்பாவில் இருந்த இன்னொன்றை எடுத்து மாட்டினார். அதிலும் இடது பக்கம் மௌனம். இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன என்றால் அது தயாரிப்புக் கோளாறு அல்லாமல் வேறென்ன? விற்ற பெண்ணுக்கு எழுதினார். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்காம் நாள் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. அதிலும் இடது பக்கம் செத்துக் கிடந்தது.

வீட்டில் இருந்த பழைய நாற்பத்தொன்றில் எதையாவது எடுத்து மாட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் கூடத்தைச் சந்தேகப்படத் தெரிந்ததே தவிர, சொந்தக் காலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. உட்கார்ந்து, 'இடது பக்கம் சாகும் மாடல்: ஓர் எச்சரிக்கை' என்று மூன்று பக்கம் எழுதிப் போட்டார். 'தக்க நேரத்தில் காப்பாற்றினீர்கள்' என்று ஐம்பது பேர் நன்றி சொன்னார்கள்.

வீட்டில் நிலைமை வேறாக இருந்தது. சாப்பிடும்போது மனைவி உட்காருவது அவருக்கு இடது பக்கம். ஒரு வாரமாக அவள் எதைச் சொன்னாலும் மனிதர் வாய் திறப்பதில்லை. ஒருநாள் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்மேல என்ன கோவம்னு சொல்லிடுங்க. செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி எத்தனை நாள் பேசுறது நான்?"

அவர் முகத்தைத் திருப்பி, "என்கிட்டயா பேசின?" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் மேசைமேல் கிடந்த புதிய இயர்போனை எடுத்து வந்தாள். "எங்க ஆபீஸ்ல ஹெட்செட் கேக்கலன்னா முதல்ல காதை மாத்திப் போட்டுப் பாப்போம். அப்புறம்தான் புகார் எழுதுவோம்" என்று சொல்லி, இடது பக்கத்துக் குமிழை அவருடைய வலது காதில் திருகிச் செருகிப் பாட்டைப் போட்டாள்.

செத்துப்போன இடது பக்கம் கணீரென்று பாடியது.

மகள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். அவர் குமிழைக் கழற்றி, உற்றுப் பார்த்து, "வேற மாதிரி கோளாறா இருக்குமோ?" என்றார். அதுதான் தங்கக்காது என்ற முறையில் அவர் சொன்ன கடைசி வார்த்தை.

காது டாக்டர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தாள். வலது காதையும் பார்த்தாள்.

"பஞ்சுக்குச்சி போடுவீங்களா?"

"தினமும். சுத்தமா வச்சுக்குவேன்."

"சுத்தம் பண்ணல. உள்ள தள்ளியிருக்கீங்க. இயர்போன் நிறைய போடுவீங்களா?"

"ஏதோ... எப்பவாவது" என்றார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"இடது முழுசா அடைச்சிருக்கு. குளிக்கும்போது தண்ணி போய் ஊறியிருக்கும். வலதுலயும் முக்கால்வாசி இருக்கு. இது இன்னைக்கு நேத்து சேர்ந்ததில்ல, வருஷக்கணக்கு."

சொட்டு மருந்து போட்டு நான்கு நாள் கழித்து வரச் சொன்னாள். வந்ததும் வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சி இரண்டு காதையும் கழுவினாள். கிண்ணத்தில் விழுந்ததைக் காட்டினாள். பட்டாணி அளவில், கருப்பாக இரண்டு உருண்டைகள். பனிமூட்டம் என்று அவர் எழுதியது அங்கே மிதந்தது.

டாக்டர் இடுக்கியைத் தட்டில் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு அவர் துள்ளிவிட்டார். அவள் பேனா தாளில் கிறுகிறுவென்று ஓடுவது கேட்டது. சொந்தச் சட்டைக்காலர் கழுத்தில் உரசுவது கேட்டது. வெளியே காத்திருந்த குழந்தை ஒன்று பிஸ்கட் பையைக் கசக்குவது கேட்டது. "இப்படித்தான் எல்லாருக்கும் கேக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். "பத்து நாள்ல பழகிடும்" என்றாள் டாக்டர். அதே வாக்கியத்தை எத்தனை பேருக்குத் தாம் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே படியிறங்கினார். படிகூடச் சத்தம் போட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டு ஜோடியையும் மாற்றி மாற்றிக் கேட்டார். நூற்றைம்பது மணி நேரம் பாடியதும், டப்பாவில் தூங்கியதும் ஒரே குரலில், ஒரே கூர்மையோடு ஒலித்தன. தேன் என்று அவர் புகழ்ந்திருந்த பழைய ஜோடி ஒன்று மாவு மில் மாதிரி கத்தியது. கூச்சல் என்று ஒதுக்கிய ஒன்று பரவாயில்லாமல் இருந்தது. அலமாரியில் மாதக்கணக்காக இரைச்சல் ஓடிய நேரமெல்லாம் இளகாமல் அப்படியே இருந்தது இயர்போன். அடைத்துக்கொண்டே வந்தது அவர்.

சிரிப்பு வந்தது. பிறகு குழுவைத் திறந்து பார்த்தார். அந்த எச்சரிக்கை இன்னும் குழுவில் முதல் இடத்தில் இருந்தது. விற்ற பெண்ணை அழைத்தார்.

"அம்மா, அந்த இடது பக்கம் கேக்கலன்னு சொன்னேன்ல..."

"ஆமா சார். நீங்க எழுதினதுக்கப்புறம் இன்னும் மூணு பேரு திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்களுக்கும் இடது பக்கம் கம்மியாத்தான் கேக்குதாம்."

"அவங்களுக்குமா?"

"ஒருத்தர் நாலு மாசமா நல்லாக் கேட்டுட்டு இருந்தவரு சார். நீங்க எழுதினதைப் படிச்சப்புறம்தான் கவனிச்சாராம்."

"அம்மா, அது இயர்போன் இல்ல. என் காதுல அழுக்கு. டாக்டர் எடுத்துட்டாங்க. இப்ப நல்லாக் கேக்குது. தப்பு என்னோடது."

அவள், "அப்ப அந்த மூணு?" என்றாள். "நானும் போட்டுக் கேட்டேனே சார். எனக்கே இடது பக்கம் ஒரு மாதிரி கம்மியாத்தான் இருந்துச்சு. காதுக்காரரே சொல்லிட்டாருன்னா இருக்கும்னு..." பேச்சு சிரிப்பில் உடைந்தது. சிரித்து முடித்தபோது குரல் மாறியிருந்தது. "ரெண்டு வாரமா ஒண்ணுகூடப் போகல சார். அதை எடுத்துடுங்க, போதும்."

"எடுத்தா எனக்குத்தான் நல்லது. இருக்கட்டும். அதுக்கு மேலயே உண்மையை எழுதுறேன்."

எழுதுவதற்கு மூன்று மாலைகள் ஆயின. இரண்டு பக்கத் தேனும் யானையும் அரை மணியில் எழுதுகிறவருக்கு இந்தப் பத்து வரி நகரவில்லை. மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அப்பா, 'காலம் என் செவியில் நெய்த மெழுகுத் திரை'யா? அழுக்குன்னு போடுங்க."

"அழுக்குன்னா கொஞ்சம்..."

"அழுக்குதானே?"

அழுக்கு என்றே போட்டார். இருபதில் ஒன்பது என்பதையும், அன்று ஜலதோஷம் இல்லை என்பதையும் போட்டார். மூன்று வருடத் தீர்ப்புகளையும் யாரும் நம்ப வேண்டாம் என்று முடித்தார். அனுப்பிவிட்டு, குழுவிலிருந்து விரட்டுவார்கள் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

விரட்டவில்லை. அவர் எழுதியவற்றில் அதைப்போல் எதையும் ஜனங்கள் படித்ததில்லை. மல்டிமீட்டர் கொடியேற்றுவார் என்று எதிர்பார்த்தார். அவரிடமிருந்து வந்தது ஒரே வரி: 'நாளை காலை பத்து மணிக்கு எனக்கும் காது டாக்டர்.' திருப்பி அனுப்பிய மூவரில் இருவர் வாய் திறக்கவில்லை. மூன்றாமவர், மாற்றி வந்த புதிய ஜோடி நூறு மணி நேரம் ஓடியபின் இடது பக்கம் அழகாகத் திறந்துகொண்டது என்று எழுதினார். அதைப் படித்து அவரால் சிரிக்க முடியவில்லை. ஒரு மாதம் முன்னால் என்றால் தாமே அதைத்தான் எழுதியிருப்பார், இன்னும் நீளமாக.

விற்கிற பெண்ணுக்கு வியாபாரம் மெல்லத் திரும்பியது. தன் பக்கத்தில், 'காதைப் பார்த்துவிட்டு எங்களைப் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அவர் குழுவில் பெயரை மாற்றிக்கொள்ளப் பார்த்தார். 'பழைய தங்கக்காது' என்றே ஆட்கள் கூப்பிடத் தொடங்கிவிட்டதால் விட்டுவிட்டார்.

இப்போதும் எழுதுகிறார். ஒரு பக்கம்தான். யானை கிடையாது. இயர்போனின் பெயருக்கும் முன்னால், காதைக் கடைசியாகச் சுத்தம் செய்த தேதியைப் போடுகிறார். அவர் அதை வெட்கத்தில்தான் ஆரம்பித்தார். ஆனால் குழுவில் அது சட்டமாகிவிட்டது. போன வாரம் ஒருவர் தேதி போடாமல், 'குரல் பனிமூட்டம் போல் இனிமை' என்று எழுதிவிட்டார். முப்பது பேர் அவரை டாக்டரிடம் போகச் சொன்னார்கள்.