குடையுடன் வந்த மர்ம நபர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பகலில் கிண்டியில் குமாஸ்தா. மற்ற நேரத்தில் ஒரு தினசரிக்குத் தாம்பரம் வட்டாரப் பகுதிநேர நிருபர். நிருபர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எனக்குச் சரியாகத் தெரியாததை ‘கூறப்படுகிறது’ என்று எழுதுவேன். சுத்தமாகத் தெரியாததை ‘பரபரப்பாகப் பேசப்படுகிறது’ என்று எழுதுவேன். யார் கூறினார், யார் பேசினார் என்று ஆபீஸில் ஒருநாளும் கேட்டதில்லை.

பெருங்களத்தூரில் ஒருவன் பஸ்ஸுக்கு நின்றால் அவன் பயணி. பக்கத்தில் ஏதாவது பூட்டு உடைந்திருந்தால், அவனே சந்தேகத்துக்கிடமான முறையில் நின்றவன். பூட்டுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முற்றுப்புள்ளி வைப்பதோடு என் வேலை முடிந்தது. மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார்.

எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. ஏழெட்டு இடங்கள் தட்டிப்போய், கூடுவாஞ்சேரியில் ஒரு பெண்ணுக்கு ஜாதகம் பொருந்தியிருந்தது. போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு ரயிலில் இறங்க வேண்டிய ஸ்டேஷனே இரண்டு தடவை தவறியது. அடுத்து அவர்கள் ஆள் விட்டு அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். “இதையும் கெடுத்துக்காதே. கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு இரு” என்றாள் அம்மா. மூடிக்கொண்டேன். பேனாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் எங்கள் தெருக்கோடி வீட்டில் தண்ணீர் மோட்டார் திருடுபோனது. தெருமுனையில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரரிடம் துப்புக் கேட்டேன்.

“ஒர்த்தன் வந்தான் சார். வெள்ளச் சட்ட, கைல குடை. வூட்ல எத்தினி பேர் கீறாங்கோ, எத்தினி மணிக்கு வர்றாங்கோன்னு கேட்டுகினு இருந்தான்.”

அது போதாதா எனக்கு? வந்தவர் எந்த வீட்டைப் பற்றிக் கேட்டார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் செய்தி சின்னதாகிவிடும் என்ற பயம். ‘குடையுடன் வந்த மர்ம நபர் வீடுகளை நோட்டமிட்டதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதி அனுப்பினேன். மழைக்காலம் என்பதை எழுதவில்லை. அப்படியே அச்சில் வந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து வந்தால், இஸ்திரி வண்டியருகே கூட்டம். பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர். அவருடைய குடை இஸ்திரிக்காரர் கையில். செய்தி தானாக வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

“எந்த ஊர் சார்? எந்த வீட்டைத் தேடி வந்தீங்க?”

“கூடுவாஞ்சேரி” என்றார். எங்கள் வீட்டு நம்பரைச் சொன்னார். “பொண்ணுக்குத் தாய்மாமன். மாப்பிள்ளை தண்ணி கிண்ணி போடுவாரா, சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு வருவார்னு கேட்டேன். இன்னைக்கு அவரை நேர்ல பார்க்க வந்தா இந்த மரியாதை.” சட்டைப் பையிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்து நீட்டினார். “இதை எழுதினவர் இந்தத் தெருவுலதான் இருக்காராமே.”

“சார், அது இவர்தான்” என்றார் இஸ்திரிக்காரர், பெருமையாக.

போட்டோவில் பார்த்த முகம்தானா என்று தாய்மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குடையை வாங்கிக்கொண்டார். “நல்ல பையன்னுதான் எல்லாரும் சொன்னாங்க தம்பி. சொல்றதா கூறப்படுதுன்னு போய்ச் சொல்லிடறேன்.”

வீட்டுக்கு அழைத்தேன். காபி சாப்பிட்டுப் போங்கள் என்றேன். நோட்டமிட்டுவிட்டதால் உள்ளே வரத் தேவையில்லை என்று சொல்லி, ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

பத்து நாளில் ஓர் இன்லாண்டு கடிதம் வந்தது. ஜாதகத்தில் சில தோஷங்கள் இருப்பதாகப் பெரியவர்கள் அபிப்பிராயப்படுவதால் மேற்கொண்டு பேச இயலவில்லை என்று எழுதியிருந்தது. ஜாதகம் பொருந்திய பிறகுதான் மாமாவையே அனுப்பியிருந்தார்கள். எந்தப் பெரியவர்கள், என்ன தோஷம் என்று அம்மா போய்க் கேட்டுவரச் சொன்னாள்.

நான் போகவில்லை. யாரையும் நேரில் போய்க் கேட்கும் பழக்கம் எனக்கு இருந்திருந்தால், அந்தக் கடிதமே வந்திருக்காது.