அத்திப்பட்டு லைன் அறுந்த அன்று

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பி ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். அங்கே பீரோ உயரத்துக்கு ஒரு மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் இருந்தது. அத்திப்பட்டு, செவ்வாப்பேட்டை, பெரியபாளையம் கிடங்குகளை ரௌட்டர் பெட்டிகள் வழியாக அதோடு இணைத்து வைப்பதும், அறுந்தால் மறுபடி ஒட்டவைப்பதும் என் வேலை. எனக்கு வாய் அதிகம், தைரியம் கம்மி. ஒருமுறை மேனேஜர் பின்னால் நின்று கத்தியதில் பதறி, ஒரு எண்ணை மாற்றி அடித்து, எல்லாக் கிடங்குகளையும் ஒரே நேரத்தில் படுக்க வைத்தவள் நான்.

அத்திப்பட்டுக் கிடங்கின் கிளார்க்கை நான் பார்த்ததே இல்லை. போனில்தான் பழக்கம். பழவேற்காட்டுக்காரர். நான் பாய் என்பேன், அவர் தங்கச்சி என்பார். காலையில் நான் இணைப்புக் கொடுத்ததும் அவர் ரௌட்டர் முன்னால் நின்று விளக்குகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "மூணும் பச்சை. நாஷ்டா ஆச்சாமா?" என்று அவர் கேட்டால்தான் எனக்கு நாள் தொடங்கியது போலிருக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அத்திப்பட்டு லைன் அறுந்தது. லைன் இல்லாவிட்டால் கேட் பாஸ் அச்சாகாது, பாஸ் இல்லாமல் லாரி நகராது. கம்பி ஏற்றிய லாரிகள் வரிசையில் நின்றன. அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவர் பாய் ஒருவர்தான். பொன்னேரியில் ஆஸ்பத்திரியில் இருந்த அவர் மனைவிக்கு மூச்சு மோசமாகிவிட்டது, உடனே வரச் சொல்லி மச்சான் அவருக்குப் போன் செய்திருக்கிறார். லைன் வந்ததும் பாஸ் அடித்துக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று பாய் நின்றிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கிடங்கில் இருந்த இன்னொரு சாதாரண டெலிபோன் லைனில் செவ்வாப்பேட்டைக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வரும்படி ஒரு மாற்று வழியை மெயின்ஃப்ரேமில் எழுதினேன். "மூணாவது லைட்டு இன்னும் செவப்புதாம்மா" என்றார். திருத்தினேன். "மின்னுது... இல்லமா, அணைஞ்சிடுச்சு." மேனேஜர் வேறு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரே வரியை இரண்டு முறை தப்பாக அடித்து, போனிலேயே ஐயோ என்றேன்.

"ஒண்ணியும் அவசரமில்ல தங்கச்சி. தண்ணி குடிச்சிட்டு நிதானமா அடி. நான் இங்கதான் நின்னுக்கினு இருக்கேன்."

நிஜமாகவே தண்ணீர் குடித்தேன். அனுப்பியது போய்ச் சேருகிறது, திரும்பி வரத்தான் செவ்வாப்பேட்டைப் பெட்டிக்கு வழி தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அதை எழுதினேன். "பச்சைமா! மூணும் பச்சை!" பாஸ்கள் அச்சாகும் சத்தம் போனிலேயே கேட்டது. வழக்கமாக வம்பளக்கும் மனிதர் அன்று "வரேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு சபாஷ்கூட இல்லையா என்று எனக்குக் கோபம்தான்.

மறுநாள் காலை வேறு குரல் போனை எடுத்தது. பாய் பொன்னேரிக்குப் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா இறந்துவிட்டாராம். அந்தக் கொஞ்சம் என்ற வார்த்தை அன்று முழுக்க என்னைச் சாப்பிட விடவில்லை.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று போனிலேயே அழுதுவிட்டேன். "ஏன் பாய் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா உன் கை நடுங்கும்மா. மேனேஜர் கத்துன அன்னிக்கி மாரி எல்லா லைனும் படுத்துக்கிச்சின்னா, நான் இன்னும் லேட்டாத்தானே போயிருப்பேன்? இதுல உன் தப்பு இன்னா கீது? அழாத."

மூக்கைச் சிந்திக்கொண்டே அன்றைய இணைப்பைக் கொடுத்தேன். பிறகு அவரே, "மூணும் பச்சைமா" என்றார். நாஷ்டா ஆச்சா என்று கேட்கவில்லை.

அதன் பிறகு வேறு வேறு கம்பெனிகளில் எத்தனையோ லைன்களைச் சரிசெய்துவிட்டேன். ஆனாலும் மறுமுனையில் யாராவது அமைதியாக, "அவசரமில்ல, நிதானமா பண்ணுங்க" என்றால், "நீங்க எங்கயாவது போகணுமா?" என்று முதலில் கேட்காமல் என்னால் ஒரு எழுத்துகூட அடிக்க முடிவதில்லை.