மரத்தடியில் ‘ஏங்க’ செல்லாது

வீடுகளில் மரக்கிளை கழித்துக் கொடுப்பதுதான் என் தொழில். புதுக்கோட்டையில் இருந்துகொண்டு திருமயம் வரைக்கும் போவேன். ஊரடங்கு முடிந்த பிறகுதான் அடி விழுந்தது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில். “மரம் எங்க போயிரப் போகுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்ங்க.” மரம் போகாது, நாங்கள் போய்விடுவோமே! கீழே நின்று கயிறு பிடித்த பையன்கள் எல்லாரும் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் திருக்கோகர்ணத்தில் ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா வீட்டு வேலை வந்தது. ஓட்டின் மேல் சாய்ந்த பெரிய வேப்பமரம். தட்டிக் கழிக்கிற நிலையில் நான் இல்லை. வேறு ஆளும் கிடைக்கவில்லை. “நான் வாரேன், கயிறுதான புடிக்கணும்?” என்று கிளம்பிவிட்டாள் என் மனைவி பழனியம்மா.

சொல்லிக் கொடுத்தேன். வெட்டிய கொப்பு கயிற்றில் தொங்கும். அதை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நான் ‘புடி’ என்றால் பிடிக்க வேண்டும், ‘தளத்து’ என்றால் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். “ஆபத்துன்னா என் பேரச் சொல்லிக் கத்து. ரம்ப மெஷின் சத்தத்துல வேற எதுவும் காதுல ஏறாது” என்றேன்.

“பேரச் சொல்லியா? நல்லாருக்கே கத!” என்று சிரித்தாள். மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனும் பிறந்துவிட்டான். அதுவரை என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எல்லாவற்றுக்கும் ‘ஏங்க’தான்.

காலையில் வேலை ஒழுங்காகத்தான் போனது. ஓட்டுப் பக்கம் நீண்ட கிளையில் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அதன் நுனியைக் கழித்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஓயும்போதெல்லாம் அடுத்த வீட்டு அம்மா வேறு, “ஏங்க, மோட்டார நிப்பாட்டுங்க, டேங்க் வழியுது!” என்று தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த மனுசன் அசைகிற மாதிரி தெரியவில்லை.

நடுவில் இன்னும் இரண்டு மூன்று ‘ஏங்க’ கேட்டது. அதுவும் மோட்டாருக்குத்தான் என்று நினைத்து அறுத்துக்கொண்டே இருந்தேன்.

“அடைக்கலம்! ஏய், அடைக்கலம்!”

அதுதான் என் பெயர். தூக்கிவாரிப் போட்டது. மெஷினை அணைத்துக் குனிந்து பார்த்தேன். பழனியம்மா கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி, நான் நின்ற கிளை அடிமரத்தோடு சேரும் கவையைக் காட்டினாள். கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே எல்லாம் உளுத்துப்போன கோறை. இடுப்புக் கயிற்றை அவிழ்த்து நடுமரத்துக்குத் தாவி, “ஓடு!” என்று கத்தினேன். அவள் விலகி ஓடவும் கிளை மடமடவென்று சாய்ந்து காம்பவுண்டு சுவரில் விழவும் சரியாக இருந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

டீச்சரம்மா ஜெபமாலையோடு வெளியே ஓடிவந்தார். “அடைக்கல மாதா காப்பாத்திட்டா! நீ மாதாவக் கூப்புட்டது உள்ள வரைக்கும் கேட்டுச்சும்மா!”

பழனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மாதாவக் கூப்புடலைங்க டீச்சர். இவுக பேரே அதாங்க.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேலே ஏறியவனை ‘அண்ணே’, ‘சார்’, ‘ஏங்க’ என்று கூப்பிடாதீர்கள். அந்த மரியாதையைக் கீழே இறங்கியதும் கொடுங்கள். வயசு பார்க்காமல் பெயரைச் சொல்லிக் கத்துங்கள்.

அந்த மந்தமான வருஷம் முழுக்க எங்கள் இரண்டு பேர் வேலைதான். கட்டுமாவடி வரைக்கும் டிவிஎஸ்ஸில் போனோம். ஒவ்வொரு மரத்தடியிலும் வெட்கமே இல்லாமல் “அடைக்கலம், போதும் எறங்கு” என்று அதட்டுவாள். பிறகு வேலை கூடியது, பையன்கள் திரும்பி வந்தார்கள், அவள் வீட்டோடு நின்றுகொண்டாள். இப்போது மறுபடியும் ‘ஏங்க’தான். தொழில் தேறியதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு என்றால் அது இதுதான்.