வலிக்காத பதினெட்டு நிமிடம்

சலவைக்கூடத்தில் அவளை ரயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளம் அது. பதினேழு வருஷமாக அங்கே விரிப்புகளை மடித்து, டிராலியில் அடுக்கி, லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போகிறவள். அவளுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். அப்படிப்பட்டவளை இப்போது பொய்க்காரி என்கிறார்கள். சொல்வது யார்? மெஷின் ஒழுகுகிறது, தரை வழுக்குகிறது என்று அவள் மூன்று தடவை போய்ச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாத அதே மேனேஜர்!

அந்தத் தண்ணீரில்தான் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் ஏதோ நறுக்கென்றது. எழுந்து கையை உதறினாள். வலியே இல்லை. "ரயிலு தடம் புரண்டுடுச்சு!" என்று யாரோ கத்த, இவளும் சேர்ந்து சிரித்தாள். மிச்சமிருந்த விரிப்புகளை மடித்தாள், டிராலியை லிஃப்டில் ஏற்றினாள். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் கை புசுபுசுவென்று வீங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு விரிசல் விட்டு, இருந்த இடத்திலிருந்து நகர்ந்தும் இருந்தது.

வேலையில் பட்ட அடி என்று ஒப்புக்கொண்டால்தான் வைத்தியமும் நடக்கும், கை குணமான பிறகு வேலையும் இருக்கும். மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. கேமராவில் பார்த்தாராம். எலும்பு முறிந்தவள் சிரிப்பாளா, டிராலி தள்ளுவாளா, வீட்டில் போய் விழுந்துவிட்டு இங்கே வந்து சொல்கிறாள் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே வேலை செய்கிற நாத்தனார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "தப்பா நினைக்காதீங்க அண்ணி, அன்னிக்கு நல்லாத்தானே இருந்தீங்க?" என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. புருஷனாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தாள். அவன் தங்கையைப் பார்த்தான், இவள் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தான், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்று இடது கையால் அவள் தேய்த்த பாத்திரம் ஒவ்வொன்றும் அடிவாங்கியது.

அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடம் கேட்டேவிட்டாள். "முறிஞ்சா வலிக்கணும் இல்ல? எனக்கு ஏன் வலிக்கல? நானே பொய் சொல்றேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடும் போலிருக்கு."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "வலிக்காம இருக்கிறதும் நடக்கும்மா. அடிபட்டா உடம்பு முதல்ல அந்த இடத்தை விட்டுத் தப்பிச்சுப் போகணும். அதுக்காக மூளையே ஒரு வலி மருந்தைச் சுரக்கும். ஆஸ்பத்திரியில போடற மார்ஃபின் வேலை செய்யற இடத்துலதான் அதுவும் வேலை செய்யும். வலி தெரியாது, கை கால் ஓடும். சிலருக்குச் சில நிமிஷம், சிலருக்கு இன்னும் கொஞ்ச நேரம்."

"அப்புறம் எலும்பு ஏன் நகர்ந்துச்சு?"

"வலிச்சிருந்தா கையை அசைக்காம வெச்சிருப்பீங்க. வலிக்கல. அசைச்சீங்க."

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அழுதாள். அழுகையில் பாதிக்கு மேல் கோபம்தான்.

அவள் கொடுத்த புகாருக்கு விசாரணை நடந்த அன்று, தொழிலாளர் அலுவலகத்தில் இருந்து வந்த அம்மாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் படத்தை ஓட்டிக் காட்டினார். விழுகிறாள், எழுகிறாள், சிரிக்கிறாள், மடிக்கிறாள், தள்ளுகிறாள். பதினெட்டு நிமிடம். படம் நின்றது. மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மேல ஓட்டுங்க," என்றாள் ரயிலக்கா.

"அவ்வளவுதான் இருக்கு."

"எப்படி அவ்வளவுதான்? மணி அடிச்சதும் அதே கேமராவுக்குக் கீழதான் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன். ஓட்டச் சொல்லுங்கம்மா!"

அதிகாரி அம்மாள் மேனேஜரைப் பார்த்தாள். கேமரா பார்க்கிற ஆளை வரவழைத்தார்கள். மிச்சப் படம் ஓடியது. ரயிலக்கா டப்பாவைத் தூக்குகிறாள். டப்பா விழுகிறது. குனிந்து மறுபடி தூக்குகிறாள், மறுபடி விழுகிறது. அப்படியே தரையில் உட்கார்ந்து கையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். சாட்சிக்கு வந்திருந்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். முறிந்த உடனே வலி தெரியாமல் போவதுண்டு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தையும் அதிகாரி அம்மாள் படித்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்று மேனேஜர் முனகினார்.

ரயிலக்கா எழுந்து நின்றாள். "என் உடம்பு தப்பிச்சுப் போடின்னு எனக்குக் கொடுத்த மருந்து சார் அது! நான் போனேனா? அதை வெச்சுக்கிட்டு உங்க விரிப்பை மடிச்சேன். கையையும் கெடுத்துக்கிட்டேன். அதைக் காட்டித்தான் நீங்க என்னைப் பொய்க்காரின்னு எழுதினீங்க!"

வேலையில் பட்ட அடிதான் என்று அதிகாரி அம்மாள் எழுதி, தாளை இவள் பக்கம் நகர்த்தினாள். கட்டுப்போட்ட வலது கையைப் பார்த்துவிட்டு மேனேஜர் மைப்பெட்டியைத் தள்ளினார். "கட்டை விரல் வெச்சா போதும். சீக்கிரம் முடிஞ்சுடும்."

"எனக்கு எழுதத் தெரியும்," என்று இடது கையில் பேனாவை எடுத்தாள். முதல் எழுத்துக் கோணிக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படித்தான். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருங்க சார்," என்றாள் அவள், நிமிராமலே. "இன்னிக்கு நான் அவசரப்படப் போறதில்ல."