மெழுகுக்கு முன் கழுவிய கைகள்

யாரைப் பார்த்தாலும் சிரிக்கும் என் மகனை, வேற்று ஆள் தொட்டால் அழுவான் என்று அன்று ஏன் சொன்னேன்?

பிள்ளையைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலித்ததால், விருதுநகரில் ஒரு மருத்துவமனைக்கு மெழுகு சிகிச்சைக்குப் போய்வருகிறேன். உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்து, படிந்த மெழுகைக் கொஞ்ச நேரம் கழித்து உரிக்க வேண்டும். எனக்கு முன்னால் ஓர் அக்காவின் முறை வரும். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வருவார். பட்டாசு விபத்தில் வெந்த அவருடைய விரல்கள் உள்நோக்கி வளைந்து இறுகியிருந்தன. முக்குவதற்கு முன் குழாயடியில் நெடுநேரம் நிற்பார். சோப்புப் போட்டு, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவுவார்.

"போதும்க்கா, தோலு உரிஞ்சிரப் போகுது," என்றேன் அன்று.

"உரிய இன்னும் என்ன கெடக்கு?" என்று சிரித்தார். "இதுலதான அடுத்து நீங்க கைய முக்குவீக. என் அழுக்கு உங்களுக்கு எதுக்கு?"

மெழுகை உரித்ததும் அவருடைய விரல்கள் கொஞ்சம் நிமிர்ந்தன. என் இடுப்பிலிருந்த மகன் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"சூடு ஆறுற வரைக்கும்தான் விரலு சொன்னபடி கேக்கும். பிள்ள கைய ஒருக்கப் பிடிச்சுக்கிடட்டா?"

"புது ஆளுன்னா அழுவான்க்கா."

"சரிம்மா, அழ விடாதீக," என்று கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் அவரைப் பார்ப்பேன். நானே பிள்ளையை நீட்டினால் இரக்கப்படுகிறேன் என்று நினைப்பாரோ? பேசாமல் இருந்துவிட்டால், அன்று நான் அருவருத்தேன் என்றே முடிவு செய்துவிடுவாரோ? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்.